மஞ்சப்பையில் வந்த பத்திரமும் லினக்ஸில் ஓடும் ஸ்கேனரும்

எங்கள் கடை மன்னார்குடியில் இருக்கிறது. ஜெராக்ஸ், டைப்பிங், ஸ்கேன், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் செய்கிறோம். இருப்பது இரண்டு கம்ப்யூட்டர், இரண்டும் 4 ஜிபி ராம் உள்ள பழைய பெட்டிகள். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 இந்தப் பெட்டிகளில் ஏறாது. புதிதாக இரண்டு வாங்கக் கையில் காசு இல்லை. சரி என்று இரண்டிலும் டெபியன் 13 என்ற இலவச லினக்ஸ் சிஸ்டத்தைப் போட்டேன். பிரிண்டர் அன்றைக்கே வேலை செய்தது. ஸ்கேனர்தான் மூன்று நாள் படுத்தி எடுத்தது.

இப்போது யோசித்தால் அந்த மூன்று நாளும் ஸ்கேனர் மேல் ஒரு குற்றமும் இல்லை. ஸ்கேன் ஆகவில்லை என்றதும் கண்ணில் பட்டதையெல்லாம் இன்ஸ்டால் செய்தேன், அழித்தேன், திரும்பப் போட்டேன். எங்கள் ஊர்ப் பக்கம் வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் யாரும் உடனே போர் போட மாட்டார்கள். தலைமடையிலிருந்து வாய்க்கால் கரையோடு நடந்து போய் எந்த இடத்தில் அடைத்திருக்கிறது என்று பார்ப்பார்கள். ஸ்கேனருக்கும் அந்த நடைதான் தேவைப்பட்டது.

வாய்க்கால் இப்படிப் போகிறது: ஸ்கேனர், யுஎஸ்பி கேபிள், லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல், அதற்குமேல் சேன், கடைசியாக நாம் பட்டனை அழுத்தும் செயலி. 'ஸ்கேனர் ஆக்சஸ் நவ் ஈசி' என்பதன் சுருக்கம்தான் சேன். ஒவ்வொரு வகை ஸ்கேனரோடும் அதனதன் பாஷையில் பேசுவதற்கு சேனுக்குள் தனித்தனி பேக்எண்ட் உண்டு. என்னிடம் இருப்பது கேனான் லைட் 110. அதற்கான பேக்எண்ட் ஜெனசிஸ். அதே லைட் வரிசையில் பின்னால் வந்த 300, 400 இரண்டும் பிக்ஸ்மா என்ற வேறு பேக்எண்டில் ஓடுகின்றன. பெயர் ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே இருக்கும் சில்லு வேறு. அதனால் பழைய ஸ்கேனர் வாங்கப் போகிறவர்கள், கடைக்காரர் "எல்லாத்துலயும் ஓடும்" என்று சொல்வதை நம்பாமல், சேன் திட்டத்தின் தளத்தில் உள்ள ஆதரவுப் பட்டியலில் மாடல் எண்ணைத் தேடிப் பாருங்கள். 'கம்ப்ளீட்' அல்லது 'குட்' என்று போட்டிருந்தால் தைரியமாக வாங்கலாம். 'அன்சப்போர்ட்டட்' என்றால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். சில மாடல்களுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. ஸ்கேன்ஸ்னாப் எஸ்1300ஐ போன்றவற்றுக்கு, விண்டோஸ் டிரைவருக்குள் இருக்கும் ஃபர்ம்வேர் கோப்பை, அதாவது ஸ்கேனருக்குள் ஏற வேண்டிய நிரலை, எடுத்து லினக்ஸில் உரிய ஃபோல்டரில் வைத்தால்தான் உயிர் வரும்.

கட்டளைகளை, கடையில் உதவிக்கு இருக்கும் பெண்ணுக்கு வாயால் சொல்லிக்கொடுத்த மாதிரியே இங்கேயும் ஒலிப்பில் எழுதுகிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள். பெரிய எழுத்து வரும் இடத்தை மட்டும் தனியாகச் சொல்கிறேன்.

தலைமடையிலிருந்து நடப்போம்

முதலில் ஸ்கேனரைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். லைட் 110-க்கு அடியில் ஒரு பூட்டு உண்டு. எடுத்துச் செல்லும்போது உள்ளே உள்ள தலைப்பகுதி ஆடாமல் இருக்க வைத்தது. கடையை வெள்ளையடிக்கும்போது நானேதான் அதைப் பூட்டி அலமாரியில் வைத்தேன். பிறகு மறந்துவிட்டேன். ஸ்கேன் கொடுத்ததும் கர்ர் என்று ஒரு சத்தம், அப்புறம் பிழைச் செய்தி. மூன்று நாளில் ஒரு நாள் இதற்கே போனது. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

அடுத்தது கேபிள். லைட் 110-க்குத் தனி அடாப்டர் கிடையாது, யுஎஸ்பி வழியாகவே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். அதனால் ஹப்பில் செருகாதீர்கள், கேபினெட்டின் முன்பக்க ஓட்டையிலும் வேண்டாம். பின்பக்கம் மதர்போர்டிலேயே இருக்கும் போர்ட்டில் செருகுங்கள். நீல நிறப் போர்ட்டில், அதாவது யுஎஸ்பி 3-இல், பழைய ஸ்கேனர் முரண்டு பிடித்தால் கறுப்புப் போர்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள்.

இனி டெர்மினலைத் திறந்து எல்-எஸ்-யு-எஸ்-பி என்று அடியுங்கள். யுஎஸ்பியில் செருகியிருக்கும் எல்லாம் ஒவ்வொரு வரியாக வரும். கேனானுக்கு உரிய எண் 04ஏ9, லைட் 110-இன் எண் 1909. இரண்டும் சேர்ந்த வரி இருந்தால் கெர்னல் ஸ்கேனரைப் பார்த்துவிட்டது என்று அர்த்தம். வரி இல்லையென்றால் கேபிள், போர்ட், மின்சாரம் இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இந்த நிலையில் எந்த மென்பொருளைப் போட்டும் பயன் இல்லை.

வரி இருந்தால் சேன் கருவிகளைப் போடலாம்: சூடோ ஏபிடி இன்ஸ்டால் சேன்-யூட்டில்ஸ் சிம்பிள்-ஸ்கேன். முன்னால் வரும் சூடோ, அந்தக் கட்டளையை நிர்வாகி அதிகாரத்தோடு ஓட்டுவதற்கு. இதில் இரண்டு சோதனைக் கருவிகள் வரும். 'சேன்-ஃபைண்ட்-ஸ்கேனர்' யுஎஸ்பியில் ஸ்கேனர் மாதிரி ஏதாவது தெரிகிறதா என்று மட்டும் பார்க்கும். பேக்எண்ட் இருக்கிறதா, இல்லையா என்பது அதற்குத் தெரியாது. 'ஸ்கேன்இமேஜ்' என்று அடித்து, இடம் விட்டு, ஒரு கழித்தல் குறி, அதை ஒட்டிப் பெரிய எழுத்து எல் கொடுத்தால் உண்மையிலேயே பயன்படுத்தக்கூடிய ஸ்கேனர்களின் பட்டியல் வரும். முதலாவதில் தெரிந்து இரண்டாவதில் தெரியாவிட்டால், ஒன்று அந்த மாடலுக்கு பேக்எண்ட் இல்லை, அல்லது அனுமதிச் சிக்கல். ஒரே கருவியை நூறு தடவை ஓட்டுவதைவிட இந்த இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டி ஒப்பிட்டாலே பாதி விடை கிடைத்துவிடும்.

எல்லாம் சரியாக இருந்தால் ஜெனசிஸ், லிப்யுஎஸ்பி, 001, 004 என்று ஒரு முகவரி காட்டும். 001 என்பது பஸ் எண், 004 என்பது சாதன எண். கேபிளைக் கழற்றிச் செருகினால் கடைசி எண் மாறிவிடும். ஆகவே இந்த முகவரியை எந்த ஸ்கிரிப்டிலும் அப்படியே எழுதி வைக்காதீர்கள். நான் எழுதி வைத்தேன், மறுநாள் காலையில் கடை திறந்ததும் அது ஓடவில்லை. பட்டியலில் உங்கள் வெப்கேமராவும் ஸ்கேனராகத் தலைகாட்டலாம். சேன் அதையும் ஒரு படக்கருவியாக எண்ணிக்கொள்கிறது. தொல்லையாக இருந்தால் ஈடிசி-க்குள் சேன்.டி என்ற ஃபோல்டரில் உள்ள டிஎல்எல்.கான்ஃப் கோப்பைத் திறந்து, வி4எல் என்ற வரியின் முன்னால் ஒரு # போட்டுவிடுங்கள்.

அனுமதிச் சிக்கல் எனக்கு வந்தது ஒரு விசித்திரமான வழியில். ஸ்கேனர் செருகிய கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பார்த்தால் எல்லாம் சரி. முன் கவுண்டரில் இருக்கும் இன்னொரு கம்ப்யூட்டரிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போய்ப் பார்த்தால் ஸ்கேனரே இல்லை என்கிறது. முன்னால் சூடோ சேர்த்தால் இருக்கிறது என்கிறது. காரணம் எளிமையானது. திரை முன்னால் உட்கார்ந்து லாகின் செய்பவருக்கு லினக்ஸ் தானாகவே ஸ்கேனர் அனுமதி கொடுக்கும், தொலைவிலிருந்து வருபவருக்குக் கொடுக்காது. அவர் 'ஸ்கேனர்' என்ற குழுவில் இருக்க வேண்டும். சூடோ ஆட்யூசர், பிறகு பயனர் பெயர், பிறகு ஸ்கேனர் என்று அடித்து, ஒருமுறை லாகவுட் செய்து திரும்ப வந்தால் தீர்ந்தது. சூடோவோடு தெரிந்து, சூடோ இல்லாமல் தெரியவில்லை என்றால் சந்தேகமே வேண்டாம், அது அனுமதிதான். அதற்காக எப்போதும் சூடோ போட்டே ஸ்கேன் செய்யும் பழக்கம் வேண்டாம். கோப்புகள் எல்லாம் ரூட், அதாவது நிர்வாகி பெயரில் உட்கார்ந்துகொண்டு திருத்தவும் முடியாமல் நிற்கும்.

சீல் ஏன் கறுப்பாக இருக்கிறது

சிம்பிள் ஸ்கேன் செயலியைத் திறந்தால் ஒரு பெரிய ஸ்கேன் பட்டன், பக்கத்தில் ஓர் அம்புக்குறி. ஒற்றைப் பக்கமா, ஃபீடரில் (தாளைத் தானே இழுக்கும் தட்டில்) உள்ள எல்லாப் பக்கங்களுமா, கண்ணாடியில் பல பக்கங்களா என்று அங்கே தேர்ந்துகொள்ளலாம். மூன்றாவது எங்களைப் போன்றவர்களுக்கு வரப்பிரசாதம். ஒரு பக்கம் முடிந்ததும் சில நொடி காத்திருந்து தானே அடுத்ததை எடுக்கும். அந்த இடைவெளியில் தாளைப் புரட்டினால் போதும். அதே இடத்தில் 'டெக்ஸ்ட்', 'இமேஜ்' என்று இரண்டு வகை இருக்கும். என் கம்ப்யூட்டரில் அது டெக்ஸ்டில் நின்றிருந்தது.

முதல் வாரம் ஒரு பெரியவர் மஞ்சப்பையில் தாய்ப்பத்திரத்தோடு வந்தார். இருபத்திரண்டு பக்கம். நான் வேகமாக ஸ்கேன் செய்து பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு உற்றுப் பார்த்தவர், "ஏன் பாப்பா, சீலு செகப்பால்ல இருந்துச்சு, இதுல கறுப்பா இருக்கே?" என்றார். அதிகாரியின் பச்சை மைக் கையெழுத்தும் சாம்பல் நிறமாகியிருந்தது. "இருங்கய்யா, தப்பு என்னுதுதான்" என்று சொல்லி இருபத்திரண்டு பக்கத்தையும் முதலிலிருந்து எடுத்தேன். டெக்ஸ்ட் வகையில் நிறம் கிடையாது, அதோடு நுணுக்கமும் 150 டிபிஐ-தான் (அங்குலத்துக்கு 150 புள்ளி) முன்னிருப்பு. சீல், முத்திரை, கையெழுத்து இருக்கும் எதையும் இமேஜ் வகையில், 300 டிபிஐ-இல் எடுங்கள். இந்த எண்களை விருப்பத்தேர்வுகளில் மாற்றி வைக்கலாம்.

300-க்கு மேல் போக வேண்டுமா என்று கேட்பார்கள். ஏ4 தாள் 300 டிபிஐ-இல் 2480 × 3508 புள்ளிகள். வண்ணத்தில், சுருக்காமல், ஒரு பக்கம் சுமார் 26 எம்பி. 600-க்குப் போனால் இரு பக்கமும் இரட்டித்து நாலு மடங்காகும், 100 எம்பியைத் தாண்டும். சாதாரணப் பத்திரத்துக்கு 300 போதும். பட்டா வரைபடம், பொடி எழுத்து உள்ள பழைய அச்சு, சிறிய புகைப்படம் என்றால் மட்டும் 600. ஆன்லைன் விண்ணப்பத்தில் கோப்பு சின்னதாக வேண்டும் என்கிறார்களே என்று குறைந்த டிபிஐ-இல் எடுப்பது தப்பான சிக்கனம். அசலை 300-இல் எடுத்து வைத்துக்கொண்டு, அதிலிருந்து சிறிய நகல் ஒன்று செய்து அனுப்புங்கள்.

பக்கங்கள் ஐம்பதைத் தாண்டினால் நான் டெர்மினலுக்கே போய்விடுவேன். ஸ்கேன்இமேஜ் கட்டளையோடு ஃபார்மட் பிஎன்ஜி, ரெசல்யூஷன் 300, மோட் கலர், பேட்ச்-ப்ராம்ப்ட் ஆகிய விருப்பங்களைக் கொடுக்கிறேன். ஒவ்வொன்றின் முன்னாலும் இரட்டைக் கழித்தல் குறி வர வேண்டும். கலர் என்பதில் முதல் எழுத்து மட்டும் பெரியது. அப்புறம் பேட்ச் என்ற விருப்பத்தில் கோப்புப் பெயரைக் கொடுத்து, அதற்குள் சதவீதக் குறி, 03, டி என்று சேர்த்தால் 001, 002 என்று எண்ணிக்கொண்டே போகும். தாளை வைத்து எண்டர், அடுத்த தாள், எண்டர். கடிகாரத்தோடு ஓட வேண்டியதில்லை. நடுவில் யாராவது ஜெராக்ஸ் கேட்டு வந்தால் எடுத்துக் கொடுத்துவிட்டு வரலாம்.

முத்திரைத்தாள், மெல்லிய தாள், தைத்த கட்டு

நம்மூர் முத்திரைத்தாள் ஏ4-ஐவிட நீளம். லைட் 110-இன் கண்ணாடி ஏ4 அளவுதான். முதலில் தாளின் மேல்பாதியை எடுக்கிறேன், அடிப்பாகம் வெளியே தொங்கும். அடுத்து தாளை அப்படியே 180 பாகை திருப்பி அடிப்பாதியை எடுத்து, சிம்பிள் ஸ்கேனில் சுழற்றிக்கொள்கிறேன். இரண்டிலும் நாலு விரற்கடை அளவாவது பொதுவாக வர வேண்டும். இரண்டையும் படச் செயலியில் ஒட்டி ஒரே பக்கமாக்கலாமே என்று என் தம்பி சொன்னான். நான் ஒட்டுவதில்லை. சொத்துப் பத்திரத்தில் ஒட்டு தெரிந்தால் பார்க்கிறவருக்கு வேறு சந்தேகம் வரும். மேல், கீழ் என்று இரண்டு பக்கமாகவே பிடிஎஃபில் வைக்கிறேன். இந்த வேலை தினம் வருகிறவர்கள் லீகல் அளவு ஃபீடர் உள்ள இயந்திரம் வாங்குவதே மேல். ஆனால் நைந்த தாளை எந்த ஃபீடரிலும் விடாதீர்கள். கிழிந்தால் அது ஒருவருடைய ஆயுள் சொத்து.

மெல்லிய தாளில் பின்பக்க எழுத்து ஊடுருவித் தெரிந்தால், தாளுக்கு மேலே ஒரு கறுப்புச் சார்ட் பேப்பரை வைத்து மூடியைச் சாத்துங்கள். மூடியின் வெள்ளைதான் ஒளியைத் திருப்பி அனுப்பிப் பின்பக்க எழுத்தைக் காட்டிக்கொடுக்கிறது. கறுப்பு வைத்தால் அது அடங்கிவிடும்.

தைத்த கட்டுகளில் மடிப்போரம் மங்கும். லைட் வரிசையில் இருப்பது சிஐஎஸ் வகை சென்சார். தாள் கண்ணாடியை ஒட்டிப் படுத்திருந்தால்தான் அதற்குத் தெளிவாகத் தெரியும், கொஞ்சம் தூக்கினாலும் மங்கல். கட்டைப் பிரிக்க உரிமையாளர் சம்மதித்தால் பிரியுங்கள். இல்லையென்றால் செல்போனில் மேலிருந்து படமெடுப்பதே அந்தப் பக்கத்துக்கு நல்லது. இதை ஒரு ஸ்கேனர்காரி சொல்லக்கூடாதுதான்.

படத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு நெடுங்கோடு வந்தால், மூடி சேரும் மேல்விளிம்பு அருகே கண்ணாடியைத் துடையுங்கள். ஸ்கேனர் ஒளியை அளந்து பார்த்துக்கொள்ளும் வெள்ளைப் பட்டை அந்தப் பக்கம்தான் இருக்கிறது. அங்கே தூசி இருந்தால் அது எல்லாப் பக்கத்திலும் கோடாக இறங்கும்.

தேடக்கூடிய தமிழ்

ஸ்கேன் செய்த படத்தில் சர்வே எண்ணையோ பெயரையோ தேட வேண்டுமானால் ஓசிஆர், அதாவது படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் நிரல் வேண்டும். டெசராக்ட் என்ற நிரலை ஹியூலெட் பேக்கார்ட் நிறுவனம் உருவாக்கி 2005-இல் திறந்த மூலமாக வெளியிட்டது. அதன் தமிழ்ப் பொதியின் பெயர் டெசராக்ட்-ஓசிஆர்-டாம். அதோடு ஐஎம்ஜி2பிடிஎஃப், ஓசிஆர்மைபிடிஎஃப் இரண்டையும் போட்டுக்கொள்ளுங்கள். முதலாவது படங்களைத் தரம் குறையாமல் பிடிஎஃப் ஆக்கும். இரண்டாவது அந்தப் பிடிஎஃபுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத எழுத்து அடுக்கு ஒன்றை வைக்கும். மொழி விருப்பத்தில் டாம், கூட்டல் குறி, இஎன்ஜி என்று கொடுங்கள், நம் ஆவணங்களில் ஆங்கிலம் கலக்காமல் இருக்காது. டிஸ்க்யூ விருப்பம் கோணலான பக்கத்தை நேராக்கும்.

அதிகம் எதிர்பார்க்காதீர்கள். இன்றைய கம்ப்யூட்டர் அச்சில் நன்றாகவே படிக்கிறது. 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் அச்சானவற்றில், யானைத் துதிக்கை போல வளைந்த பழைய 'லை', 'ணை', சுழித்த 'றா', 'னா' வரும் இடங்களில் என் கையில் தடுமாறுகிறது. கைப்பட எழுதிய பத்திரத்துக்கு இது உதவவே உதவாது. அங்கே நான் செய்வது கோப்பின் பெயரிலேயே பத்திர எண், ஆண்டு, கிராமம் மூன்றையும் எழுதிவிடுவது. தேடும்போது அதுதான் கைகொடுக்கிறது.

வைஃபை இயந்திரமும் இரண்டாவது கம்ப்யூட்டரும்

புதிய மல்டிஃபங்ஷன் இயந்திரங்களுக்கு இத்தனை பாடு இல்லை. பெட்டியில் ஏர்பிரிண்ட் என்று போட்டிருந்தால் பெரும்பாலும் டிரைவரே வேண்டாம். சேன்-ஏர்ஸ்கேன் பொதியும், நெட்வொர்க்கில் உள்ள சாதனங்களைத் தேடும் அவாஹி-டீமனும் இருந்தால் போதும், ஒரே வைஃபையில் இருக்கும் இயந்திரம் பட்டியலில் தானாக வந்துவிடும். ஒரே இயந்திரம் ஏர்ஸ்கேன், இஎஸ்சிஎல் என்று இரண்டு தடவை வந்தால் பயப்படாதீர்கள், இரண்டு பேக்எண்டும் அதைக் கண்டுபிடித்திருக்கின்றன. நான் ஏர்ஸ்கேனைத்தான் எடுப்பேன். ஒன்றுமே வரவில்லை என்றால் கம்ப்யூட்டரும் இயந்திரமும் ஒரே நெட்வொர்க்கில்தானா என்று பாருங்கள். ரவுட்டரின் 'கெஸ்ட்' வைஃபையில் சேர்ந்த சாதனங்கள் பொதுவாக ஒன்றையொன்று பார்க்க முடியாது. அதே இயந்திரத்தை யுஎஸ்பியில் இணைத்தால் ஐபிபி-யுஎஸ்பி என்ற பொதி வேண்டும். அது கேபிளைத் தன் கைக்குள் வைத்துக்கொள்ளும் என்பதால், தயாரிப்பாளர் தந்த டிரைவர் பக்கத்தில் இருந்தால் இரண்டும் சண்டை போடும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நீக்குங்கள்.

என் லைட் 110-ஐ முன் கவுண்டரிலிருந்தும் பயன்படுத்த, ஸ்கேனரை நெட்வொர்க்கில் பகிரும் சேன்டி என்ற சேவையைத் திறந்தேன். ஸ்கேனர் உள்ள கம்ப்யூட்டரில், முன்பு சொன்ன சேன்.டி ஃபோல்டருக்குள் சேன்டி.கான்ஃப் என்ற கோப்பில் கடையின் முகவரி வரம்பை, எங்களுக்கு 192.168.1.0/24, ஒரு வரியாகச் சேர்த்தேன். பிறகு சிஸ்டம்சிடிஎல் வழியாக சேன்டி.சாக்கெட்டை இயக்கினேன். கவுண்டர் கம்ப்யூட்டரில் அதே ஃபோல்டரில் உள்ள நெட்.கான்ஃப் கோப்பில் ஸ்கேனர் உள்ள கம்ப்யூட்டரின் ஐபி எண்ணை எழுதினேன். ஃபயர்வால் போட்டிருப்பவர்கள் 6566 போர்ட்டைக் கடைக்குள் மட்டும் திறக்க வேண்டும். இந்த வழியில் போகும் படங்கள் மறையாக்கம் ஆவதில்லை, ஆகவே வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் வைஃபையும் இதுவும் ஒரே நெட்வொர்க்காக இருக்கக் கூடாது. நான் ரவுட்டரில் அவர்களுக்குத் தனியாகப் பிரித்துவிட்டேன்.

கடை வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது. ஊரார் பத்திரமும் ஆதாரும் நம் கம்ப்யூட்டரில் குவிந்து கிடக்கும். ஏழு நாளுக்கு மேற்பட்ட ஸ்கேன் கோப்புகளை இரவு ஒன்பது மணிக்கு அழிக்கும்படி ஃபைண்ட் கட்டளையை, குறித்த நேரத்தில் வேலையைத் தானே ஓட்டும் கிரானில் வைத்திருக்கிறேன். ஏன் ஏழு நாள் என்றால், அந்தப் பெரியவர் போன்றவர்கள் பென் டிரைவ் வாங்க மாட்டார்கள். "உன்கிட்டயே இருக்கட்டும் பாப்பா, செவ்வாக்கிழமை பையனக் கூட்டிட்டு வாரேன்" என்று மஞ்சப்பையைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.